எல்லையில் சோதனை

மகாஜனங்களே, சரித்திரம் பிறந்த கதையைக் கேளுங்கள்! 1956 நவம்பர் முதல் தேதி ராஜ்யங்களைப் பிரித்ததில் போடிக்கு மேலேயுள்ள ஏலமலை கேரளத்துக்குப் போயிற்று. மலைப்பாதையில் ஒரு மூங்கில் தடுப்பு முளைத்தது; கூடவே அதற்கு ஓர் அதிகாரியும் முளைத்தார்.

"போன மாசம் எம் பொஞ்சாதி இருளம்மாள மேல தோட்டத்துலதான் பொதைச்சோம், அண்ணே. வெளக்குப் பொருத்திட்டு வெரசா வந்துர்றேன்" என்று கெஞ்சினான் கண்ணுச்சாமி.

"அது வேற ராஜ்யம்ப்பா. உத்தரவில்லாம ஈ கூடத் தாண்டாது."

கண்ணுச்சாமி போகவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல் தடுப்பருகே அலைந்தான். சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் ஏலக்காய்ச் சோதனை முடிந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக, புதைத்தபோது போர்த்திய கோடிச் சேலையோடு இருளம்மாள் வந்தாள்.

"இன்னமும் இங்கதான் நிக்கிறீகளா? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அதிகாரி அவளை மறித்து, மடியை உதறச் சொன்னார். ஈர மண் உதிர்ந்தது.

ஏலக்காய் இல்லாததால் விட்டுவிட்டார்.