தவறியது

பட்டப்பகலில் பைக்கில் வந்த இருவர் மரகதவல்லியின் தாலிச் சங்கிலியைப் பறித்தார்கள். துரத்திக்கொண்டு ஓடிய கணவர், தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவள் நேராக ஸ்டேஷனுக்கு வந்தாள். மனுவைப் படித்த ஏட்டு ஒரே ஒரு சொல்லின் மேல் பேனாவை வைத்தார்.

"'பறித்தார்கள்'னு வேணாம்மா. இந்த மாசம் நம்ம ஏரியாவுல ஏற்கெனவே ஒன்பது பறிப்பு. இன்னும் ஏறுனா மேல கேப்பாங்க. 'சங்கிலி தவறிவிட்டது'ன்னு எழுதுங்க, உடனே ரசீது தர்றேன்."

கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்த கோட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து போனாள்.

பதினேழாம் நாள் திரும்பி வந்தாள். கோடு கறுத்துத் தழும்பாகியிருந்தது. வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, அவர் சொன்ன வார்த்தையையே பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். ஏட்டுக்கு அப்பாடா என்றிருந்தது.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாம். வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரு?"

"அவரும் தவறிட்டாரு சார்" என்றாள் மரகதவல்லி. "அதே தாள்ல சேத்து எழுதிடட்டுமா, இல்ல தனி மனுவா குடுக்கணுமா?"