டோக்கன் வாங்காதவர்

"டாக்டர், சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க ஆஸ்பத்திரியில ஒரு புரோக்கர் நடமாடிட்டிருக்கார்."

பஸ் டிரைவர் நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். மனைவி அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"வந்த வேலையைப் பாருங்க. முதல்ல காலைக் காட்டுங்க."

வந்தது சாதாரண வேலைக்கு இல்லை. சர்க்கரை வியாதியில் உள்ளங்காலில் வந்த புண் ஆறிவிட்டதா, மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாமா என்று இன்றைக்குத்தான் தெரியும். கால் போனால் வேலை போச்சு. வேலை போனால் மனுஷர் நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பார். மனைவிக்கு அந்தக் கவலை தனி.

டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்தார். விரலால் அங்கங்கே அழுத்தினார்.

"நல்லா ஆறிடுச்சு. நாங்க கொடுத்த ஷூவை மட்டும் விடாம போடுங்க. அடுத்த வாரம் பஸ்ஸை எடுக்கலாம்."

மனைவி அழுதே விட்டாள். டிரைவருக்கும் கண் கலங்கியது. ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி மூக்கை உறிஞ்சிச் சமாளித்தார்.

"உங்களை எங்க வெச்சுக் கும்பிடுறதுன்னே தெரியலை டாக்டர்."

"என்னை எதுக்கு? நானே நீங்க முதல்ல வந்த அன்னைக்கு 'சின்னப் புண்ணுதானே, மருந்து போட்டா சரியாயிடும்'னு நினைச்சேன். உங்க புண்ணு போட்டோவைப் பார்த்துட்டு மேஜை மேல இருக்கிற இந்தக் கம்ப்யூட்டர்தான் ஒத்துக்கலை. 'இந்தக் கால் போறதுக்கு வாய்ப்பு அதிகம்'னு சிவப்புல காட்டுச்சு. அதனாலதான் அன்னைக்கே அட்மிட் பண்ணி, ரத்தக்குழாய்ல இருந்த அடைப்பை எடுத்தோம்."

டிரைவர் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடாகப் போட்டார்.

"போதும், அதுக்குத் தலைக்கனம் ஏறிடப் போகுது" என்றாள் மனைவி.

சந்தோஷத்தில் டிரைவருக்கு உரிமை கூடிவிட்டது. விட்ட இடத்துக்கே வந்தார்.

"இவ்வளவு நல்ல இடத்துல அந்த ஆளை ஏன் டாக்டர் விட்டு வெச்சிருக்கீங்க? ஒத்தைக் காலோட, ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு வருவாரே, அவர்தான். நாங்க டோக்கன் வாங்கிட்டுக் காலையில இருந்து தேவுடு காக்கிறோம். அவர் யாரையாவது கூட்டிட்டு வந்து நேரா உள்ளே விடுறார். போன தடவை ஒரு அம்மா. இன்னைக்கு வீல்சேர்ல ஒருத்தர். சும்மாவா செய்வார்? தலைக்கு இவ்வளவுன்னு வாங்குவார்."

"வாங்கினதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தே கண்டுபிடிக்கிறவன் நான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அவர் கூட்டிட்டு வர்றவங்களைப் பார்த்தீங்கல்ல? எல்லாருமே கால் எடுத்தவங்க."

"அதான் கேக்கிறேன். எடுத்த பிறகு இங்க என்ன வேலை?"

"அப்படி நினைச்சுத்தான் அவங்க வராம இருந்தாங்க. கால் போனவங்களுக்கு எங்க மேல கோபம், இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாங்க. ஆறினவங்கதான் திரும்பி வந்து நன்றி சொல்லுவாங்க. இந்தக் கம்ப்யூட்டர் மனுஷங்களைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிறது. அது பார்த்ததெல்லாம் ஆறின கால். அதனால யார் வந்தாலும் 'ஆறிடும்'னே சொல்லிட்டிருந்தது."

"ஐயையோ!"

"கால் போன பிறகும் இவர் ஒருத்தர் மட்டும் வந்தார். புண்ணு போட்டோ, ரிப்போர்ட் எல்லாத்தையும் கொடுத்து, 'இதையும் அதுக்குக் காட்டுங்க'ன்னார். அப்புறம் மத்தவங்க வீடு வீடாப் போய்க் கூப்பிட ஆரம்பிச்சார். திட்டுவாங்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துவாங்க. மறுபடியும் போவார். அவங்க ஒவ்வொருத்தரா பழைய போட்டோ, ரிப்போர்ட்டோட வந்த பிறகுதான், கெட்டுப் போற கால் ஆரம்பத்துல எப்படி இருக்கும்னே இதுக்குப் பிடிபட்டது. அப்படிக் கெஞ்சிக் கூட்டிட்டு வர்றவங்களை வரிசையில உட்கார வெச்சா, இன்னொரு தடவை வருவாங்களா? டோக்கன் வேண்டாம்னு சொன்னது நான்தான்."

டிரைவர் ஷூவை மாட்டிக்கொண்டார். மெல்ல எழுந்தார்.

"அவர் கிளம்பியிருக்க மாட்டாரே? ஒரு நன்றியாவது சொல்லிட்டுப் போறேன். மன்னிப்பும் கேக்கணும்."

மனைவி மட்டும் எழவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன் டாக்டர், அவர் காலையும் அப்பவே இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட காட்டியிருக்கலாமே?"

டாக்டரம்மா கம்ப்யூட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"காட்டினோம்மா. 'ஆறிடும்'னு சொல்லுச்சு. அதை நம்பி அவரை வீட்டுக்கு அனுப்பிட்டோம்."