பிரஷர் பக்கத்து ஹோஸ்

அன்று செவ்வாயா புதனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேச்சு மட்டும் நினைவிருக்கிறது, அதுவும் சரியாகத்தானா என்று தெரியாது.

உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு ஹோஸ்களை மேசைமேல் வைத்தார். "இது பவர் ஸ்டியரிங் பிரஷர் பக்கத்துக்கு. இது எண்ணெய் திரும்பி வர்ற ரிட்டர்ன் பக்கத்துக்கு. மாத்தி மாட்டிடாதீங்க சார்."

"மாட்டினா?" என்றான் வந்தவன்.

"நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. வளைவுல ஒடிச்சுத் திருப்புறப்ப வெடிச்சிடும். ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகிடும்."

"எத்தனை வளைவு தாங்கும்?"

கடைக்காரர் சிரித்தார். "என்ன சார், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேக்குறீங்க!"

"நாளைக்கு என் வீட்டுக்காரி மலைப்பாதையில தனியா ஓட்டிட்டுப் போறா. அதான்."

"குடுத்து வச்சவங்க சார் உங்க வீட்டம்மா! நாலஞ்சு வளைவு தாங்கினாலே பெரிசு. ரெண்டையும் நம்ம மெக்கானிக்கையே மாட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம், நானே மாட்டிக்கிறேன்."

அவள் நான்காவது வளைவில் போய்ச் சேர்ந்தாள். பிரஷர் பக்கத்தில் இருந்தது ரிட்டர்ன் ஹோஸ். "எனக்கு என்னங்க தெரியும், மாத்தி மாட்டிட்டேனே" என்று அவன் அழுத அழுகையை எல்லோரும் நம்பினார்கள். ஆறு மாதத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். கடைக்காரருக்குச் சேதி எட்டவே இல்லை. "பொண்டாட்டி மேல அக்கறைன்னா அந்த ஆளைப் பாக்கணும்" என்று வருகிறவர்களிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.