வெயில் மாப்பிள்ளை

"வெயிலுக்காகவா ஆப்பிரிக்கா போறீங்க? நம்ம ஊர் தன்லியின்ல அடிக்கிற வெயில் பத்தாதா?"

பெண்ணின் அப்பா பொன்னுத்துரை கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். தனசேகரன் சிரிக்கவில்லை. மனைவி உமா இறந்த பிறகு அவன் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை.

"வெயில் இங்கயும் இருக்கு. வேலை கொடுக்கிறவங்க கென்யால இருக்காங்க," என்றான். "பொட்டல் காடு. வரிசையா சோலார் பலகை நட்டுக் கரண்ட் எடுக்கணும். சுத்துவட்டாரக் கிராமத்துக்கெல்லாம் அதுலதான் வெளிச்சம்."

பக்கத்தில் இருந்த நீலாம்பாளின் முழங்கை அவன் விலாவில் இடித்தது. போதும் என்று அர்த்தம். பாலம் தாண்டும்போதே பஸ்ஸில் சொல்லியிருந்தாள்: "நீ சூரியனைப் பத்தி மட்டும் பேசு தம்பி. மத்ததை நான் பாத்துக்கறேன்." ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டுதான் அவன் விமானம் ஏற வேண்டும் என்பது அவள் உத்தரவு.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது. யாரும் கவலைப்படவில்லை. பெண் கலா இருட்டிலேயே டீயை அவரவர் கையில் சரியாகக் கொடுத்தாள்.

"ராத்திரிக்கு என்ன செய்வீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"கரண்டுக்கு. சூரியன் போயிடுமே."

"பாட்டரி."

"எங்க வீட்லயும் இருக்கு. இப்ப செத்துக் கிடக்கு."

பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. கென்யால குடியிருக்க வீடு கிடைக்கிற வரைக்கும் எம்பொண்ணு லான்மடாவ் வீட்ல உங்ககூடத்தான் இருக்கணுங்கிறீங்க. முன்னாடி இருந்த பொண்ணை நீங்க எப்படி வச்சிருந்தீங்க?"

"உமாவையா?" நீலாம்பாள் டீயை உறிஞ்சினாள். "வாயாடி. சோத்தைக் குழைய விட்டுடுவா. கரண்டியாலயே போட்டிருக்கேன்."

இருட்டில் கொசு பாடுவது கேட்டது.

"அடிச்சீங்களா?" என்றார் பொன்னுத்துரை.

"கேட்டீங்களே, சொல்றேன்."

"அவங்க சும்மாவா இருந்தாங்க?" என்றாள் கலா.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. அப்புறம் அவளே சீப்பை எடுத்துட்டு வந்து, தலை வாரி விடச் சொல்லுவா."

தனசேகரன் வாயைத் திறந்தான். முழங்கை இடித்தது. மூடிக்கொண்டான்.

பொன்னுத்துரை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "யோசிச்சுச் சொல்றோம்மா."

அந்தக் குரலில் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. தனசேகரனும் எழுந்தான்.

"அவங்க போட்டோ இருக்கா?" என்றாள் கலா.

சட்டைப் பையிலிருந்து எடுத்து, இருட்டில் குரல் வந்த பக்கமாக நீட்டினான்.

"மீ லாபீ!"

தெருவே கத்தியது. கரண்ட் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் அப்படித்தான் கத்துவார்கள். குழல்விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது.

கலா போட்டோவைப் பார்த்தாள். நீலாம்பாளைப் பார்த்தாள். அதே அகன்ற நெற்றி. முன்பல் இரண்டுக்கும் நடுவில் அதே சந்து. மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"அப்பா, உட்காருங்க," என்றாள். "இவங்க அடிச்சது மருமகளை இல்லே. பெத்த மகளை."

"ஆமா. இவங்க என் மாமியார்," என்றான் தனசேகரன்.

இந்த முறை முழங்கை இடிக்கவில்லை.