பன்னிரண்டு இடங்கள்

கணவர் இறந்தபின் மைதீன் பீவி பார்க்க ஆசைப்பட்டது கொடைக்கானல் ஒன்றைத்தான். மதுரையிலிருந்து மகன் அனீஸ் கூட்டி வந்தான்.

“டாக்ஸி பிடிப்போம்மா. டூரிஸ்ட் பஸ்னா பன்னெண்டு எடத்துல ஏறி எறங்கணும். ஒங்க முட்டி தாங்காது.”

“பஸ்ஸுலயே போவோம்டா.”

டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். மூன்று இடங்களில் எல்லாரும் இறங்கினார்கள், அவள் அசையவில்லை.

நான்காவது இடத்தில் அனீஸுக்கு அலுத்துவிட்டது. “இம்புட்டுத் தூரம் வந்தது பஸ்ஸுல குந்தியிருக்கவாம்மா?”

“இருபது வருசமா ஒங்க அத்தா டூரிஸ்ட் பஸ் ஓட்டி இங்க ஆளுகளக் கொண்டாந்து விட்டாரு. வண்டிய நகட்டச் சொல்லுவாங்கன்னு சீட்ட விட்டு எறங்குனதே இல்ல. கொடைக்கானல் எப்படிங்கன்னு கேட்டா, வண்டியக் கழுவப் போயிருவாரு.”

அனீஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். முன்கண்ணாடி வழியே, முன்னால் நின்ற இன்னொரு பஸ்ஸின் முதுகு மட்டுமே தெரிந்தது.