ஞாயிறு நாலு மணி

"சங்கீதம் காதுக்குச் சுகம். ஞானத்துக்குச் சத்துரு!" என்று முழங்கினார் பஞ்சாபகேசன்.

பம்பாய் மாதுங்காவில், அவர் வீட்டு ஹாலில் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு வேதாந்த வகுப்பு. வாரமெல்லாம் ரயில்வே ஆபீஸில் ஃபைலோடு மல்லாடுகிறவர், அன்று மட்டும் பிரம்மத்தோடு மல்லாடுவார். ஹால் நிரம்பி வாசற்படி வரை ஆள். பிரம்ம ஞானத்தில் சங்கீதத்துக்கு இடமுண்டா என்பது அன்றைய தலைப்பு. இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே தீர்த்துவிட்டார்.

அவர் கடுப்புக்குக் காரணம் மேல்மாடி. அதே நாலு மணிக்கு அங்கே மீனாட்சியம்மாள் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். ஜன்னல் வழியாகக் கல்யாணி ராகம் கொட்டும்.

ஆனாலும் ஹாலில் எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். இந்த இரைச்சலிலும் நம் விளக்கத்தில் கரைகிறார்களே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதும் தலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

மறுநாளே கட்டட செக்ரட்டரியைப் பிடித்தார். "சாஸ்திரம் நடக்கற நேரத்துல சங்கீதமா? ஒண்ணு அவ நிறுத்தணும், இல்லே நான் காலி பண்ணணும்!"

மீனாட்சியம்மாள் மறுபேச்சில்லாமல் பாட்டு வகுப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நல்ல நிசப்தம். வந்து உட்கார்ந்தவர் காது மந்தமான ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர்தான். அவருக்குப் பாட்டும் ஒன்று, வேதாந்தமும் ஒன்று.

டோம்பிவிலியிலிருந்து வாராவாரம் லோக்கல் ரயில் பிடித்து வகுப்புக்கு வரும் வானமாமலை வாசலில் தலையை நீட்டினார். "ஏன் ஸ்வாமி, மாடியில இன்னிக்குப் பாட்டு இல்லியா?" செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டார்.

பஞ்சாபகேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. போஸ்ட்மாஸ்டரை அனுப்பிவிட்டு அவமானத்தில் சுருண்டு உட்கார்ந்தார்.

"வகுப்பை மூடிடறேன் அபயம். இத்தனை நாளா எல்லாரும் ஓசிப் பாட்டுக்குன்னா வந்திருக்கா!"

மனைவி அபயாம்பாள் காபியை நீட்டினாள். "மூட வேண்டாம். அடுத்த வாரம் மாடி மாமி பழையபடி நாலு மணிக்கே பாடுவா. பேசியாச்சு."

"யாரைக் கேட்டுண்டு பேசினே?"

"போன தடவை மட்டும் கேட்டுண்டா பேசினேன்? ஆரம்பத்துல உங்க வகுப்புக்கு அந்தப் போஸ்ட்மாஸ்டர் மட்டும்தானே வந்திண்டிருந்தார்! நீங்க சரியா சாப்பிடாம மொகத்தைத் தொங்கப் போட்டுண்டிருந்தேள், எனக்குத் தாங்கலை. காலம்பற சொல்லிக்குடுத்திண்டிருந்த மாமியைக் கெஞ்சிக் கூத்தாடி நாலு மணிக்கு மாத்த வச்சதே நான்தான்!"