சமபந்தி

ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டால் சமத்துவ நிதி வரும். நிதி வந்தால்தான் காலனிக்குச் சாலை.

உத்திரமேரூரிலிருந்து வந்த அதிகாரியிடம், ஊராட்சித் தலைவர் ஏகாம்பரம் பந்தியில் உட்கார்ந்திருந்த இருசப்பனைக் காட்டினார். “எங்க ஊர்ப் பெரியவரு சார்.”

“பக்கத்துல காலனிக்காரர் சாப்பிடறாரே, சங்கடம் இல்லையே ஐயா?”

“இன்னா சார் சங்கடம்? சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாத்தான் துன்னுகினு கீறோம்.”

நெகிழ்ந்துபோன அதிகாரி அங்கேயே நிதியை அறிவித்துவிட்டுக் கிளம்பினார்.

பக்கத்து இலையிலிருந்த காலனிக்காரர், இருசப்பனின் கூடப்பிறந்த தம்பி, சிரித்தார். “ஊர்க்காரன் ஒருத்தன்கூட வரலன்னு கண்டுபிடிச்சிருந்தா ரோடு கைய வுட்டுப் பூட்டிருக்கும்ணா!”

இருசப்பன் உடை மாற்றிக்கொண்டு, தலைவர் கட்டக் கொடுத்திருந்த பட்டு வேட்டியை மடித்து நீட்டினார்.

ஏகாம்பரம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீ கட்னத நான் எப்டிப்பா கட்றது? நீயே வெச்சிக்க.”